நாதஸ்வரம் கிழியுது, பேச்சு இரையுது: ஒயர்லெஸ் பேக்ல சென்சிடிவிட்டியும் லாக்கும்

உங்க கேள்வியில மூணு நாலு விஷயம் ஒண்ணா கலந்து கிடக்கு, முதல்ல பிரிச்சுக்கலாம். மண்டபத்துக்குன்னு சென்ஹைசர் ஜி4 100 சீரீஸ் ஒயர்லெஸ் மைக் செட்ல ரெண்டு பாடிபேக்கும் (இடுப்புல மாட்டுற ட்ரான்ஸ்மிட்டர்) ஒரு ஹேண்ட் மைக்கும் செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கீங்க. எந்த பட்டனைத் தொட்டாலும் டிஸ்ப்ளேல லாக்டுன்னு வருது. நாதஸ்வரத்துக்கு மாட்டின கிளிப் மைக் கெட்டிமேளத்துல கிழியுது, அதே செட்டிங்ல இன்னொரு பேக்கை வரவேற்புல பேசுறவருக்கு மாட்டினா சத்தம் பத்தாம கூடவே இரைச்சல். வீணைக்கு ஒட்டுற கான்டாக்ட் மைக்கை பேக்ல சொருகினா அடியே இல்லாம மெலிசா கேக்குது. மிக்ஸர்ல கெயினைக் குறைங்கன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார், குறைச்சும் கிழியுது, பேக் போயிடுச்சோன்னு கேட்டிருக்கீங்க.

பேக் போகலை. நீங்க எழுதினதுல இருக்கிற ஒவ்வொரு தொந்தரவும் ட்ரான்ஸ்மிட்டரோட இன்புட் செட்டிங்லயே உக்காந்திருக்கு, லாக் இருந்ததால யாரும் அங்க போய்ப் பாக்கலை, அவ்வளவுதான். மிக்ஸர்ல குறைச்சா ஏன் சரியாகலைன்னா, சத்தம் கிழிஞ்சது பேக்குக்குள்ள, அது காத்துல ஏறுறதுக்கு முன்னாடியே. ரிசீவரும் மிக்ஸரும் கிழிஞ்ச சத்தத்தைத்தான் வாங்குது, அங்க குறைச்சா கிழிஞ்ச சத்தம் சின்னதா கேக்கும். இந்த ஒரு விஷயத்தை மண்டபத்துல வேலை பாக்கிற பசங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துடுங்க, பாதி சண்டை குறையும்.

முதல்ல லாக்கைத் திறப்போம். பாடிபேக்ல பேட்டரி மூடியைத் திறந்தா உள்ள செட் பட்டனும், மேல கீழ அழுத்துற ராக்கர் பட்டனும் இருக்கும். செட்டை ஒரு தடவை அழுத்துங்க, லாக்டுன்னு வரும், நீங்க இந்த இடத்துலதான் நின்னுட்டீங்க. இப்ப செட்டையே திரும்பத் திரும்ப அழுத்தாம ராக்கரை மேலயோ கீழயோ ஒரு தட்டு தட்டுங்க, அன்லாக்னு கேள்விக்குறியோட கேக்கும், அப்ப செட்டை அழுத்துங்க. திறந்துடும். இது தற்காலிகமாத் திறக்கிறதுதான், மெனுவை விட்டு வெளிய வந்து ஒரு பத்து செகண்ட் சும்மா விட்டா தானே பூட்டிக்கும், அதைப் பாத்து மறுபடி கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. நிறைய மாத்தி மாத்திப் பாக்க வேண்டிய நாள்ல, மெனுக்குள்ள ஆட்டோ லாக்னு இருக்கும், அதை இன்ஆக்டிவ் பண்ணிட்டு வேலை பாருங்க, முடிச்சதும் ஆக்டிவ் பண்ணிடுங்க. ஹேண்ட் மைக்கிலயும் இதே கதைதான், அடிப்பக்கம் இருக்கிற மூடியைத் திருப்பினா பட்டன் வெளிய வரும், அங்க செட்டும் மேல கீழயும் ஒரே ஸ்விட்ச்சுல இருக்கும்.

லாக் எதுக்குன்னு தெரிஞ்சா அதுமேல கோவம் வராது. பேக் இருக்கிறது வேட்டி மடிப்புலயோ பைஜாமா நாடாவுலயோ புடவை இடுப்புலயோ. உக்காந்து எழுந்திரிக்கும்போது, மாலை மாத்தும்போது, வேர்வைக் கையால தொடும்போது பட்டன் அமுங்கும். பூட்டு இல்லேன்னா ஃப்ரீக்வென்சி மாறலாம், பேக்கே ஆஃப் ஆகலாம், தாலி கட்டுற நேரத்துல போய் யாரும் இடுப்பைத் தடவிப் பாக்க முடியாது. ஜி4ல லாக் இருந்தா மெனுவும் மாறாது, தெரியாம ஆஃபும் ஆகாது. மியூட் ஸ்விட்ச் மட்டும் தனி விஷயம், அதை லாக் தடுக்காது, பேசுறவரே தேவைப்பட்டா மியூட் பண்ணிக்கட்டும்னு அப்படி வெச்சிருக்காங்க. நாதஸ்வரக்காரருக்கும் ஐயருக்கும் அது தேவையே இல்லை, மெனுல மியூட் மோடுன்னு இருக்கிறதுக்குள்ள போய் டிஸேபிள்டு குடுத்துடுங்க, அப்புறம் அந்த ஸ்விட்ச்சை யார் தள்ளினாலும் ஒண்ணும் ஆகாது. அதே மெனுல ஏஎஃப் (மைக் சத்தம்) ஆன் ஆஃப், ஆர்எஃப் (ரேடியோ அலை) ஆன் ஆஃப்னும் இருக்கும். பேசுறவருக்கு மியூட் வேணும்னா ஏஎஃப் போதும். ஆர்எஃப் வெச்சா கேரியரே, அதாவது சத்தத்தைத் தூக்கிட்டுப் போற ரேடியோ அலையே நின்னுடும், அந்த நேரத்துல ரிசீவர் அதே ஃப்ரீக்வென்சில வேற எதையாவது பிடிக்க வாய்ப்பு இருக்கு, மண்டபத்துக்கு அது வேண்டாம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம், சென்சிடிவிட்டி, அதாவது மைக்ல வர்ற சத்தத்தை ட்ரான்ஸ்மிட்டர் எவ்வளவு கூர்மையா வாங்கிக்கணும்ங்கிற செட்டிங்.

ஜி4 ஒரு அனலாக் எஃப்எம் சிஸ்டம். மைக்ல வர்ற சத்தம் எவ்வளவு பெருசோ அவ்வளவு தூரம் கேரியர் ஃப்ரீக்வென்சி ரெண்டு பக்கமும் ஆடும். இந்த சிஸ்டத்துல அது சாதாரணமா 24 கிலோஹெர்ட்ஸ் இந்தப் பக்கம் 24 அந்தப் பக்கம், உச்சத்துல 48 வரைக்கும்தான் ஆடலாம். அதுக்கு மேல போக இடம் இல்லை, சத்தத்தோட தலை அங்கேயே வெட்டுப்படும், நீங்க கிழியுதுன்னு சொல்றது அதைத்தான். ரொம்பக் குறைச்சலா ஆடினா வேற பிரச்சனை. அனலாக் ஒயர்லெஸ்ல காத்துலயும் ரிசீவர்லயும் எப்பவும் ஒரு இரைச்சல் அடியில கிடக்கும், அதை மறைக்கத்தான் ட்ரான்ஸ்மிட்டர்ல சத்தத்தை அமுக்கி அனுப்பி ரிசீவர்ல விரிக்கிறாங்க, கம்பேண்டர்னு சொல்லுவாங்க, சென்ஹைசர் தன்னோடதுக்கு ஹெச்டிஎக்ஸ்னு பேர் வெச்சிருக்கு. சத்தம் நல்லா நிரம்பி வந்தா அந்த இரைச்சல் காதுல விழாது. மெலிசா வந்தா நீங்க மிக்ஸர்ல ஏத்துவீங்க, கூடவே இரைச்சலும் ஏறும், பேச்சு வரும்போது ஸ்ஸ்னு கூடவே வந்து பேச்சு நின்னா அதுவும் நிக்கும். உங்க வரவேற்புப் பேச்சுல நடந்தது இதுதான். ஆக ஒரே செட்டிங் நாதஸ்வரத்துக்கு ரொம்ப அதிகம், பேச்சுக்கு ரொம்பக் கம்மி, நடுவுல எங்கயோ விட்டு வெச்சிருக்கார் முன்னாடி வெச்சிருந்தவர்.

பாடிபேக்ல சென்சிடிவிட்டி 0லேருந்து மைனஸ் 60 டிபி (டெசிபல்) வரைக்கும் 3 டிபி 3 டிபியா இறங்கும், ஹேண்ட் மைக்ல 0லேருந்து மைனஸ் 48 வரைக்கும் 6 டிபி 6 டிபியா இறங்கும். 0ன்னா காது ரொம்பக் கூர்மை, மைனஸ் 60ன்னா கிட்டத்தட்ட செவிடு. இதுல நிறைய பேர் குழம்பி, சத்தம் வேணும்னு நம்பரைப் பெருசாக்கி மைனஸ் 42க்குக் கொண்டு போய் வெச்சுடுறாங்க, அது நேர் எதிர். மைனஸ் 42 மைனஸ் 21ஐ விடக் கம்மி.

நாதஸ்வரத்துக்கு மைனஸ் 42ல ஆரம்பிங்க. ஆரம்பிக்கத்தான், அதுவே முடிவு இல்லை, ஏன்னா உங்க கிளிப் மைக் எது, எங்க மாட்டுறீங்க, வாசிக்கிறவர் எப்படி ஊதுவார் இதெல்லாம் சேர்ந்துதான் நம்பர். செக் பண்ணும்போது எல்லாரும் பண்ற ஒரு காரியம், வித்வானை ஒரு வாசி வாசிங்கன்னு சொல்றது, அவர் மரியாதைக்கு மெதுவா ஒரு ஆலாபனை எடுப்பார், நம்மாளு அதுக்கு செட் பண்ணிட்டு ஓகே சார்னு போயிடுவான். முகூர்த்தத்துல கெட்டிமேளம் கெட்டிமேளம்னு சத்தம் வந்ததும் தவில் ரெண்டும் சேர்ந்து விழும், நாயனம் மேல் ஸ்தாயில முழு மூச்சுல போகும், செட் பண்ணின அளவெல்லாம் அங்கயே காலி. அதனால ஐயா, கெட்டிமேளத்துக்கு எப்படி ஊதுவீங்களோ அப்படி ஒரு பத்து செகண்ட் வாசிங்கன்னு நேராக் கேளுங்க, தவிலையும் சேர்ந்து அடிக்கச் சொல்லுங்க, கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க, தன் வாத்தியத்துக்கு அக்கறை எடுக்கிறான்னு சந்தோஷப்படுவாங்க. அந்த நேரத்துல ரிசீவர்ல ஏஎஃப் மீட்டரைப் பாருங்க. உச்சத்துல நிக்கிற கோடு மீட்டரோட நுனியைத் தொடக் கூடாது, அதுக்கு ஒரு பத்து டிபி கீழயே நிக்கிற மாதிரி வைங்க, ஏன்னா மேடையில எல்லாரும் ரிகர்சலை விட ஒரு படி கூடுதலாத்தான் போவாங்க. பேக்லயே ஏஎஃப் பீக்னு மஞ்சள் லைட் ஒண்ணு இருக்கு, அது எரிஞ்சா அங்கேயே தலை வெட்டுப்படுதுன்னு அர்த்தம், மூணு டிபி இறக்கி மறுபடி வாசிக்கச் சொல்லுங்க.

மைனஸ் 42, 48ன்னு இறக்கிட்டீங்க, மஞ்சள் லைட்டும் எரியலை, மீட்டரும் நிதானமா இருக்கு, ஆனாலும் அதே மாதிரி கரகரன்னு கிழியுதுன்னா கிழியுறது மைக்கோட கேப்ஸ்யூல், அதாவது சத்தத்தை வாங்குற அதோட தலை. சென்ஹைசர் எம்இ 2 மாதிரி பேச்சுக்குச் செஞ்ச கிளிப் மைக் 130 டிபி வரைக்கும் தாங்கும்னு போட்டிருப்பாங்க, கேக்கப் பெருசாத்தான் இருக்கு, ஆனா அனசு (நாதஸ்வரத்தோட அடியில விரிஞ்சிருக்கிற பாகம்) வாய்க்குள்ளயே கொண்டு போய் மாட்டினா அது திணறலாம். மெனுல எந்த நம்பரும் இதைச் சரி பண்ணாது, மைக்கை நகர்த்தத்தான் வேணும். நாதஸ்வரத்துல சத்தம் அனசுல மட்டும் வர்றதில்லை, விரல் வைக்கிற துளைகள்லேருந்தும் வருது, அதனால அனசுக்கு மேல ஒரு சாண் தள்ளி உலவு (துளை இருக்கிற குழல்) பக்கம் பாக்கிற மாதிரி வெச்சா கமகமெல்லாம் நல்லா விழும், கூர்மையும் அடங்கும். உண்மையைச் சொல்லணும்னா மண்டபத்துல உக்காந்து வாசிக்கும்போது நாதஸ்வரத்துக்கு ஒயர்லெஸ்ஸே வேண்டாம், ஸ்டாண்ட்ல ஒரு நல்ல டைனமிக் மைக் கொஞ்சம் தள்ளி வெச்சாலே அழகா இருக்கும், மாப்பிள்ளை அழைப்புக்கு நடந்துக்கிட்டே வாசிக்கும்போதுதான் பேக் வேணும். இது என் அபிப்பிராயம், வாசிக்கிறவரும் வீட்டுக்காரரும் வேற சொன்னா அவங்க இஷ்டம்.

பேச்சுக்கு கிளிப் மைக்னா மைனஸ் 18ல ஆரம்பிச்சு, அவரோட சாதாரணப் பேச்சு மீட்டர்ல பாதிக்கு மேல நிக்கிற வரைக்கும் மூணு மூணா ஏத்துங்க. மைக்கை சட்டையோட ரெண்டாவது பட்டன் பக்கம் மாட்டுங்க, அங்கவஸ்திரத்துக்கு அடியில போகவிடாதீங்க, மூடினா சத்தம் மந்தமாகும், உரசல்தான் முன்ன வரும். ஹேண்ட் மைக்குக்குப் பேச்சுன்னா மைனஸ் 12, ஆர்க்கெஸ்ட்ரா பாடகர் வாய்கிட்ட வெச்சு உச்சத்துல பாடுவார்னா மைனஸ் 18, 24. பட்டிமன்றம் மாதிரி ஒரே மைக் அஞ்சு பேர் கை மாறுதுன்னா சத்தமாப் பேசுறவரை வெச்சு செட் பண்ணுங்க, மெதுவாப் பேசுறவரை மிக்ஸர்ல ஏத்திக்கலாம், கிழிஞ்சதை எங்கயும் ஒட்ட முடியாது.

வீணை விஷயம் தனி. அங்க சென்சிடிவிட்டி மட்டும் காரணம் இல்லை, கேபிள். சென்ஹைசர் பேக்ல இருக்கிற மரை போட்ட 3.5 எம்எம் சாக்கெட் பாக்க சாதாரண ஹெட்ஃபோன் சாக்கெட் மாதிரியே இருக்கும், ஆனா அதுல ரெண்டு இன்புட் இருக்கு. நுனி மைக்குக்கு, நடு வளையம் லைனுக்கு, அடி கிரவுண்ட். மைக் இன்புட்டோட இம்பிடன்ஸ் (சிக்னலுக்கு அது குடுக்கிற எதிர்ப்பு) 40 கிலோ ஓம், லைன் இன்புட்டோடது 1 மெகா ஓம். கான்டாக்ட் மைக் பெரும்பாலும் பியெஸோ (அதிர்வை நேரா மின்சாரமா மாத்துற வகை), அதுக்கு ரொம்பப் பெரிய இம்பிடன்ஸ் வேணும், கம்மியா குடுத்தா அடி ஸ்தாயி மொத்தமா காணாமப் போகும், தந்தி தட்டுற சத்தம் மட்டும் மேல நிக்கும். கடையில கிடைச்ச ஏதோ ஒரு கேபிள்ல சிக்னல் நுனிக்குப் போயிருந்தா உங்க வீணை மைக் இன்புட்ல உக்காந்திருக்கு, போதாக்குறைக்கு கிளிப் மைக்குக்குக் குடுக்கிற வோல்டேஜும் அது மேல ஏறுது. இன்ஸ்ட்ருமென்ட் கேபிள்னே தனியா விக்கிறாங்க, சிஐ1ன்னு பேர், அதுல சிக்னல் வளையத்துக்குப் போகும். தெரிஞ்சவங்க யாராவது சால்டர் பண்ணித் தந்தாலும் சரி, சிக்னல் வளையத்துல, நுனியும் அடியும் ஒண்ணா சேர்த்து கிரவுண்டுன்னு சொல்லிக் குடுங்க. கேபிள் மாத்தினதும் சென்சிடிவிட்டியை மறுபடி முதல்லேருந்து வைங்க, பழைய நம்பர் இதுக்குப் பொருந்தாது. வயலின்ல ஒட்டுற பிக்அப்புக்கும் இதேதான். நல்ல கண்டென்சர் மைக் இருக்கு அதை பேக்ல சொருகலாமான்னு அடுத்து கேப்பீங்க, பாடிபேக் குடுக்கிறது கிளிப் மைக்குக்குப் போதுமான சில வோல்ட்தான், கண்டென்சர் மைக்குக்கு மிக்ஸர்லேருந்து வர்ற 48 வோல்ட் ஃபேன்டம் பவர் இங்க வராது, அதனால வேலை செய்யாது.

ட்ரான்ஸ்மிட்டர் முடிஞ்சப்புறம்தான் ரிசீவர் பக்கம் போகணும். ரிசீவர்ல ஏஎஃப் அவுட்னு ஒண்ணு இருக்கு, அது மிக்ஸருக்குப் போற அளவு, சென்சிடிவிட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. மத்த ஒயர் மைக்கெல்லாம் மிக்ஸர்ல எந்த கெயின்ல இருக்கோ கிட்டத்தட்ட அதே இடத்துல இந்த சேனலும் நிக்கிற மாதிரி ஏஎஃப் அவுட்டை வெச்சுக்கிட்டா ராத்திரி அவசரத்துல குழப்பம் இருக்காது. மீட்டர் ரிசீவர்ல சரியா இருந்து மிக்ஸர்ல மட்டும் சிவப்பு எரிஞ்சா அப்ப ஏஎஃப் அவுட்டை இறக்குங்க, பேக்கைத் தொடாதீங்க.

எல்லாம் வெச்சாச்சா, கடைசியாத்தான் பூட்டணும், அதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. ரிசீவர்ல சிங்க் பட்டனை அழுத்தி இன்ஃப்ராரெட்ல பேக்கைக் காட்டினா ஃப்ரீக்வென்சி மட்டும்தான் போகும்னு நினைச்சுக்கிட்டிருப்போம், ஆனா ரிசீவர்ல சிங்க் செட்டிங்ஸ் எப்படி வெச்சிருக்குங்கிறதைப் பொறுத்து சென்சிடிவிட்டி, ஆட்டோ லாக், மியூட் மோடு இதெல்லாமும் சேர்ந்து போய் பேக்ல நீங்க வெச்சதை அழிச்சுடலாம். செகண்ட் ஹேண்ட் ரிசீவர்ல முன்னாடி யார் என்ன டிக் பண்ணி வெச்சாங்களோ தெரியாது, அதனால வரிசை இப்படி இருக்கட்டும்: முதல்ல ஃப்ரீக்வென்சி ஸ்கேன், அப்புறம் சிங்க், அப்புறம் சென்சிடிவிட்டி, அப்புறம் மியூட் மோடு, அப்புறம் லாக். சென்சிடிவிட்டி வெச்சப்புறம் ஏதாவது காரணத்துக்கு மறுபடி சிங்க் அடிச்சா நம்பரை ஒரு தடவை திறந்து பாத்துடுங்க. ரெண்டு பேக் இருக்குன்னு சொன்னீங்க, ஒண்ணை வாத்தியத்துக்குன்னும் ஒண்ணைப் பேச்சுக்குன்னும் நிரந்தரமா ஒதுக்கி, மேல ஒரு சின்ன டேப் ஒட்டி நம்பரை எழுதி வெச்சுட்டா தினமும் மாத்த வேண்டியதே இல்லை.

கூடவே ஷுர் வாங்கலாமான்னு ஒரு வரி கேட்டிருந்தீங்க. வாங்கலாம், ஆனா இங்க சொன்னதை அப்படியே அங்க தேடாதீங்க. ஷுரோட க்யூஎல்எக்ஸ்டி, யுஎல்எக்ஸ்டி செட் ரெண்டும் டிஜிட்டல், ட்ரான்ஸ்மிட்டரே பெரிய சத்தத்தையும் சின்ன சத்தத்தையும் சேர்த்து வாங்கிக்கும், கெயினை ரிசீவர்லதான் வைக்கணும், 60 டிபி அளவுக்கு ஏத்தி இறக்க இடம் இருக்கு. பேக்ல மைக் ஆஃப்செட்னு ஒண்ணு பாப்பீங்க, அது ஒரே ரிசீவருக்கு ரெண்டு ட்ரான்ஸ்மிட்டர் மாத்தி மாத்தி உபயோகிக்கும்போது ரெண்டோட அளவையும் சமமாக்க, சத்தம் பத்தலைன்னு அதைப் போய் ஏத்தக் கூடாது. யுஎல்எக்ஸ்டி பாடிபேக்ல உள்ள வர்ற சத்தத்தைக் குறைக்கிற 12 டிபி இன்புட் பேட் இருக்கு, நாதஸ்வரம் மாதிரி வாத்தியத்துக்கு அது உதவும். அங்க லாக்கும் ரெண்டு வகை, மெனு லாக் தனி, பவர் லாக் தனி, மெனுவை மட்டும் பூட்டிட்டு பவரை விட்டுட்டா ஸ்விட்ச் தட்டுப்பட்டு ஆஃப் ஆகிடும், ரெண்டையும் போடுங்க. சென்ஹைசர்லயே 2021ல வந்த இடபிள்யூ-டியும் டிஜிட்டல்தான், அதுலயும் ட்ரான்ஸ்மிட்டர்ல சென்சிடிவிட்டி மெனு கிடையாது. விலை கம்மியான யுஎச்எஃப் செட்டுகள்ல பெரும்பாலும் ரிசீவர்ல ஒரு வால்யூம் திருகு மட்டும்தான் இருக்கும், அங்க கிழியுதுன்னா வாய்க்கும் மைக்குக்கும் இருக்கிற தூரத்தை மாத்துறதுதான் ஒரே வழி.

நாளைக்கு முகூர்த்தம்னு எழுதியிருக்கீங்க, அதனால இன்னிக்கு ராத்திரி வீணை கேபிளை விட்டுடுங்க, அது வரவேற்புக்குத்தானே. நாதஸ்வர பேக்கை மட்டும் திறந்து இப்ப எந்த நம்பர்ல இருக்குன்னு பாருங்க, மைனஸ் 42 வெச்சு, காலையில புது பேட்டரி போட்டு, வித்வான் வந்ததும் அந்தப் பத்து செகண்ட் கெட்டிமேளத்தைக் கேட்டு வாங்குங்க. அப்பவும் கிழிஞ்சா, வாசிக்கும்போது பேக்ல மஞ்சள் லைட் எரிஞ்சுதா, மைக் அனசுலேருந்து எவ்வளவு தள்ளி இருந்துது, இந்த ரெண்டையும் எழுதுங்க, அடுத்து என்ன பண்றதுன்னு சொல்றேன்.